கடுகு வெடிக்காத வீடு

தாளிக்காத வீட்டில் கடுகு வெடிக்கிற வாசம் எங்கிருந்து வரும்?

ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறையில், என் பெரியம்மா வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு இதை யோசித்தேன். அப்போது பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். தெரிந்ததை யாருக்காவது புரியும்படி சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் ஆகிறது. நர்சிங் சேர் என்று அப்பாவும், ஜவுளிக்கடை வேலைக்குப் போ என்று அம்மாவும் சொல்ல, நான் எதிலும் கால் தரிக்காமல் ஸ்கூட்டியில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சுற்றியதால்தான் இதில் நானும் வருகிறேன். மற்றபடி இது என் அக்கா தங்கப்பொண்ணின் கதை.

அவள் என் பெரியம்மா முத்துத்தாயின் ஒரே மகள். மதுரையிலிருந்து திருச்சி போகிற ரோட்டில், கொட்டாம்பட்டிக்குச் சற்று முன்னால் உள்ளே இறங்கினால் எங்கள் ஊர். பெரியப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு குழாயடி.

அக்காவுக்கு நடக்கப் பழகிய வயதில் முகத்திலும் கையிலும் கொப்புளம் வந்தது. அம்மை என்றார்கள். எங்கள் பக்கம் அம்மை வந்தால் ஆத்தா வீட்டுக்கு வந்திருப்பதாகச் சொல்வோம். வாசலில் வேப்பிலை செருகுவோம். ஊசி மருந்து கூடாது. எண்ணெய் காய்ந்து கடுகு வெடிப்பது ஆத்தாவுக்கு ஆகாது என்பதால் தாளிக்கவும் கூடாது. கொப்புளத்தை முத்து என்போம். முத்து இறங்க ஆரம்பித்ததும், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, இடைவெளி விட்டு மூன்று முறை தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீரோடு ஆத்தா கிளம்பிவிடுவாள். அன்றைக்கு வீட்டில் மறுபடி கடுகு வெடிக்கும்.

அக்காவுக்கு இரண்டு தண்ணீர்தான் ஊற்றினார்கள்.

மூன்றாவதுக்கு முன்பே மறுபடி கொப்புளம் வந்தது. காய்ந்து குழித்தழும்பு ஆனது. பிறகும் வந்தது. இப்படிச் சில வருடங்கள். கொப்புளம் ஓய்ந்தபோது கண் இமைகளில் வேறொன்று தொடங்கியது. மேல் இமையிலும் கீழ் இமையிலும், முடி முளைக்கிற ஓரத்தை ஒட்டி, கசகசாவைவிடச் சற்றுப் பெரிய மணிகள். மெழுகு நிறம். யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோத்து வைத்த மாதிரி வரிசை தப்பாமல் இருந்தன. வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை, போகவும் இல்லை.

“மத்த முத்தையெல்லாம் ஆத்தா எடுத்துக்கிட்டா. இத மட்டும் விட்டு வச்சிருக்கா. அவ இன்னும் இங்கனதான் இருக்கா” என்றாள் பெரியம்மா. அதனால் மூன்றாம் தண்ணீர் ஊற்றவில்லை. தாளிக்கவும் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டில் கடுகு வெடிப்பது நின்றுபோயிருந்தது. ரசம், குழம்பு, கூட்டு எல்லாம் பச்சையாக ஒரே வாசம் அடிக்கும். கடுகு டப்பா என்று ஒன்றே அங்கே கிடையாது.

அந்த விடுமுறையில் ஒரு நாள் உச்சி வெயில். பெரியம்மா உரலடியில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த அக்கா அப்படியே நிறுத்தினாள்.

“தமிழு, யாரு தாளிக்கிறது?”

அவள் குரல் எப்போதுமே கம்மியிருக்கும். பிறந்தபோதே அழுகை வெளியே வரவில்லையாம், காகிதம் கசக்குகிற சத்தம்தான் வந்ததாம். அந்தக் குரலில் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

“யாரும் தாளிக்கலக்கா.”

“கடுகும் கருவேப்பிலையும்… கருகுது பாரு.”

பிறகு அவள் பேசவில்லை. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வெறும் வாயை மென்றாள். கை சேலை நுனியைத் தடவிக்கொண்டே இருந்தது. நான் அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். பெரியம்மா மாவுக் கையோடு ஓடி வந்து அக்காவின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். “தாயி, கோவிச்சுக்காத தாயி, இந்த வீட்டுல யாரும் தாளிக்கலம்மா!” என்று அரற்றினாள். கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைச் சிமிட்டி, விட்ட இடத்திலிருந்து சோறு போட்டாள். நடுவில் ஏதோ நடந்ததாகவே அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நான் சாப்பிடாமலேயே ஓடிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பயம் வந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை தெருவுக்குள் வெறிநாய் வந்து ஊரே கதவைச் சாத்தியது. இவள் மட்டும் அதற்கு எதிரில் குத்தவைத்து, வாயில் வழிந்த நுரையை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் இவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. ஆத்தா கூடவே இருக்கிறாள், நாய் எப்படித் தொடும் என்றது ஊர்.

வளர்ந்ததும் பெண் பார்க்க வருகிறவர்கள் இமையைப் பார்த்துத் தயங்கினார்கள். அழகுக்காகச் செய்வது மருந்தில்லை என்று பெரியம்மாவைச் சம்மதிக்க வைத்து, மதுரையில் கோரிப்பாளையம் பக்கம் ஒரு தோல் கிளினிக்கில் காட்டினோம். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “பாலுண்ணி” என்றார். வலது இமையில் சில மணிகளைச் சுட்டு எடுத்தார். புண் ஆற வெகு நாளானது. ஆறிய இடத்தில் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. அதற்குப் பக்கத்திலேயே புது மணிகள் வந்து உட்கார்ந்தன. “தொட்டதுக்குக் கோபம்” என்றாள் பெரியம்மா. அடுத்து ஊரில் நடந்த மருத்துவ முகாமில் ஒருவர் அக்காவின் காது மடலைத் தடவி, குரலைக் கேட்டு, தொழுநோயாக இருக்கலாம் என்று தோலில் கீறிச் சோதனைக்கு எடுத்துப் போனார். அது இல்லை என்றுதான் முடிவு வந்தது. ஆனால் ஊருக்குள் அந்தச் சொல் மட்டும் தங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வருவது நின்றது.

அதன் பிறகுதான் அவள் ரோட்டு வேலைக்குப் போனாள். நான்குவழிச் சாலையில் பள்ளத்துக்குத் தார் போட்டு ஒட்டுகிற வேலை நடக்கிற இடத்தில், சிவப்புக் கொடியோடு நின்று வண்டிகளை ஒதுக்கி விடுகிற வேலை. அதில் யாரும் நிலைக்க மாட்டார்கள். லாரி உரசிக்கொண்டு போகும்போது உடம்பு தானாகப் பின்னுக்குப் போகும். அக்காவுக்குப் போகாது. வெள்ளைக் கோட்டின் மேலேயே நிற்பாள். பஸ் போகிற காற்றில் சேலை எழும்பி அடங்கும். இமை ஆடாது.

கடந்த சித்திரையில் ஒரு மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டு போனேன். வேலையை மேய்க்கிற மேஸ்திரி பாண்டிராஜ் அண்ணன் தார் டின் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன தமிழு, இன்னைக்கும் தாளிக்காத கொழம்பா?”

“ஆமாண்ணே, ஒங்களுக்குக் கொஞ்சம் ஊத்தவா?”

“ஐயோ சாமி! அதத் தின்னுபுட்டுத்தான் உங்கக்கா பேய் மாதிரி நிக்கிது. எனக்கு வேணாம்.”

நான் சிரித்துக்கொண்டே ரோட்டைப் பார்த்தேன். கானல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்துக்குள் அக்கா நின்றாள். அவள் மூக்கு உறிஞ்சுவது தெரிந்தது. தலையைத் திருப்பி எதையோ தேடினாள். கொடி மெல்லக் கீழே இறங்கியது. வாய் வெறுமனே மெல்ல ஆரம்பித்தது. எனக்குப் பத்து வயதில் பார்த்த முகம் அது. அப்போது அவளுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு சிமென்ட் லாரி தெரிந்தது.

அக்கா ரோட்டுக்குள் நடந்தாள். அவசரமே இல்லாமல், அடுப்படிக்குப் போகிற மாதிரி.

நான் கத்தினேன். பாண்டிராஜ் அண்ணன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரியவில்லை. இடுப்போடு பிடித்து இழுத்துக்கொண்டு மண்ணில் விழுந்தார். லாரி ஹாரனை அடித்தபடியே போய்விட்டது. பிடித்த பிடியை அவர் இன்னும் விடவில்லை. அக்கா எழுந்து உட்கார்ந்து, நிதானமாகச் சேலையைத் தட்டினாள்.

“ஏண்ணே இப்புடி இழுக்குறீங்க? சீலை கிழிஞ்சிருச்சு பாருங்க.”

அண்ணன் எழுந்து கொடியைப் பொறுக்கிக்கொண்டார். “தாயி, உனக்கு என்னமோ கோளாறு. ஆத்தாவோ பூத்தாவோ, எனக்குத் தெரியாது. கண்ணு நல்லாருக்குன்னு டாக்டர்ட்ட சீட்டு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் இந்த ரோட்டுல நீ நிக்கக் கூடாது. உன் ரத்தத்த என்னால கழுவ முடியாது.”

அன்றைக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது. இது என்ன என்று தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்தமுறை அந்த வாசம் வரும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பெரியம்மா ஒத்துக்கொள்ள ஒரு வழிதான் இருந்தது. “மருந்துக்கு இல்ல பெரியம்மா. கண்ணப் பாத்துட்டுச் சீட்டு தருவாங்க, அம்புட்டுதான்” என்றேன்.

“மாத்திர குடுத்தா வாங்கக் கூடாது.”

“சரி.”

“ஊசி?”

“கண்ணுல யாரு பெரியம்மா ஊசி போடுவா? நீங்களும்தான வாரீங்க, பாத்துக்குங்க.”

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டர் பெயர் பிரியம்வதா. அக்காவின் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்வையில் குறையில்லை, சீட்டு தருகிறேன் என்று எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, “இமையில இது எப்போலேர்ந்தும்மா இருக்கு?” என்றார்.

“சின்னப் பிள்ளையிலேருந்து டாக்டர்” என்றாள் அக்கா.

பேனா நின்றது. “தொண்டை கட்டியிருக்கா? சளியா?”

“இல்லங்க, என் தொண்டையே இப்புடித்தான். பெறந்ததுலேருந்து.”

டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அக்காவின் நாக்கு தடித்து, உதட்டைத் தாண்டி வரவில்லை. நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் மரப்பட்டை மாதிரி தடித்திருந்தது. முகத்துத் தழும்புகளை விரலால் தடவினார்.

“அப்பா, அம்மா சொந்தமா?”

“என் தாய்மாமனத்தாங்க நான் கட்டிக்கிட்டேன்” என்றாள் பெரியம்மா.

டாக்டர் அடுத்துக் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “தங்கப்பொண்ணு, திடீர்னு இல்லாத வாசம் எதுவும் வருமா உங்களுக்கு?”

பெரியம்மா என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் தோலில் இறங்கியது. நாங்கள் வாசத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த அறையில் மருந்து வாசம் மட்டும்தான் இருந்தது.

அக்கா சிரித்தாள். “கடுகு தாளிக்கிற வாசம். உங்களுக்கு யாரு டாக்டர் சொன்னது?”

“யாரும் சொல்லலம்மா. நான் இதைப் புத்தகத்துலதான் பாத்திருக்கேன். நேர்ல இதுதான் முதல் தடவை. அதனால இப்போ அடிச்சுச் சொல்ல மாட்டேன். தோல்லேர்ந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பாக்கணும், தலைக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணும். அதுக்கு முன்னாடி இந்த இமைய யாரும் சுட வேண்டாம், கீற வேண்டாம். இந்தத் தோல் தாங்காது.”

பெரியம்மா மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் டாக்டரை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்காததைச் சொல்கிறவர்களை எங்கள் ஊரில் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. “சரி தாயி, எடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

சில வாரங்கள் அலைந்தோம். தோல் டாக்டர், தொண்டை டாக்டர், நரம்பு டாக்டர் என்று அவர் அனுப்பிய இடத்துக்கெல்லாம் போனோம். கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. நோயின் பெயர் லிப்பாய்ட் புரோட்டினோசிஸ். பிறவியிலேயே வருவது. தாய், தகப்பன் இரண்டு பேர் வழியாகவும் வந்தால்தான் பிள்ளைக்கு வருமாம். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது அதற்கு வாய்ப்பு கூடுகிறது. ஒட்டாது, பரவாது. உடம்புக்குள் ஒரு பொருள் படிந்துகொண்டே போகிறது. தொண்டையில் படிந்ததால் குரல் கம்மியது. தோலில் படிந்ததால் கொப்புளமும் தழும்பும் வந்தன. இமை ஓரத்தில் படிந்ததுதான் அந்த மணிகள். அவளுக்கு அம்மை வந்ததே இல்லை.

ஸ்கேன் படத்தை நரம்பு டாக்டர் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். சாம்பல் நிற மூளைக்குள் இரண்டு பக்கமும் ஒரே அளவில், மொச்சைக் கொட்டை மாதிரி இரண்டு வெள்ளைப் புள்ளிகள். சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருக்கிறது என்றார். அங்கிருந்து கிளம்புகிற ஒருவகை வலிப்புதான் அந்த வாசமும் வாய் மெல்லுவதும். பயம் உண்டாகிற இடமும் அதே இடம்தானாம்.

“அப்ப யாரு தாளிச்சது?” என்றாள் பெரியம்மா.

“யாரும் தாளிக்கலம்மா. அந்த வாசம் அவங்க தலைக்குள்ளயே உண்டாகுது.”

பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: “ஆத்தான்னு நெனச்சப்பக்கூட நான் இம்புட்டுப் பயப்படலடி. அவ கும்பிட்டாக் கேப்பா. இத எங்கிட்டுப் போயிக் கும்பிட?”

மணிகளைப் போக்க உறுதியான வைத்தியம் இல்லை என்றார்கள். வலிப்புக்கு மாத்திரை உண்டு. தினம் தவறாமல் போட வேண்டும். அது அடங்கும்வரை ரோடு, கிணறு, அடுப்பு மூன்றின் பக்கமும் தனியாகப் போகக் கூடாது. பாண்டிராஜ் அண்ணன் கேட்டுவிட்டு, “நல்லதாப் போச்சு, சாமான் கொட்டகையப் பாத்துக்கட்டும். அங்க லாரி வராது” என்றார்.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பும்போது பெரியம்மாவை பஸ் ஏற்றிவிட்டு, அக்காவை ஸ்கூட்டியில் கூட்டி வந்தேன். பின்னாலிருந்து கேட்டாள்.

“தமிழு, பயம்னா எப்புடி இருக்கும்?”

“வயித்துக்குள்ள சில்லுன்னு இருக்கும். நெஞ்சு அடிக்கும். ஓடணும் போல இருக்கும்.”

“நல்லாருக்குமா?”

“நல்லாருக்காதுக்கா.”

“அப்பறம் ஏன்டி எல்லாரும் வச்சிருக்கீங்க?”

அந்த நேரம் எங்களை ஒரு லாரி உரசுவது போல முந்தியது. எனக்கு ஹேண்டில் பார் ஆடியது. என் தோளில் இருந்த அவள் கை கொஞ்சம்கூட இறுகவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவளே, “ஒதுங்கணும்னா இனிமே எங்கையப் புடிச்சு அமுக்கு. நான் ஒதுங்கிக்கிறேன்” என்றாள். இப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.

பெரியம்மா தன் கையாலேயே மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பிறகு வாசம் வருவது குறைந்தது. பிறகு நின்றது. ஆடி பிறந்ததும் ஒரு காலையில் பெரியம்மா அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வாசல் வெயிலில் வைத்தாள். மத்தியானம் அக்காவைப் பலகையில் உட்கார வைத்து மூன்றாம் தண்ணீர் ஊற்றினாள். “நீ இருந்தியோ இல்லையோ, தாயி, இத்தன வருசம் இருக்கேன்னு நெனச்சு இருந்துட்டோம். போயிட்டு வா” என்றாள். நனைந்த இமைகளில் அந்த மணிகள் அப்படியே மின்னின.

என்னைக் கடைக்கு அனுப்பிக் கடுகு வாங்கி வரச் சொன்னாள். எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்த முதல் சத்தத்தில் பெரியம்மா துள்ளிப் பின்னால் போனாள். கரண்டி கீழே விழுந்தது. தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அக்கா மூக்கை உறிஞ்சி நிமிர்ந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஒங்களுக்கும் அடிக்குதா?”

“அடிக்குதுக்கா” என்றேன்.

“நெசமாவா? எனக்கு மட்டும் இல்லயே?”

“நெசந்தான்டி. நாந்தான் தாளிக்கிறேன்” என்று பெரியம்மா அழுதாள். அக்கா தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். போன வாரம் மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் கூட்டம். எனக்கு இரண்டு சீட்டுக்கு முன்னால் ஒரு பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தாள்: “எங்க நாத்தனா வீட்டுல இப்பல்லாம் தாளிக்கிறதே இல்லம்மா. பிள்ளைக்கு ஆத்தா வந்து வந்து போறா, முழுசாப் போவமாட்டேங்கிறா. பாவம், அது அழுதாக்கூடச் சத்தம் வராது. காத்து மாதிரித்தான் வரும், பெறந்ததுலேருந்து.”

நான் எழுந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் மேலூர் வந்துவிட்டது. அவள் இறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். நானும் இறங்கித் தேடினேன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. எந்த ஊர், யார் வீடு, எதுவும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு அக்காவுக்கு வந்ததுதான் என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆனால் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அந்த வீட்டிலும் யாரோ ஒருத்தி, ஆறிய அடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். பிறந்ததிலிருந்து குரல் கம்மிய பிள்ளை, ஆறி ஆறி மறுபடி வருகிற கொப்புளம், இமை ஓரத்தில் கோத்த மாதிரி மணிகள், இல்லாத வாசம். இவற்றை நான் சொன்ன மாதிரியே உங்கள் வீட்டில், தெருவில், பஸ்ஸில் சொல்லுங்கள். கேட்டவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மேலூரில் இறங்கிப் போன அந்தப் பெண்ணின் காதில் விழும்வரை சொல்லிக்கொண்டே இருங்கள்.